ஆறு மணிக்கு முன்பே வந்த மீன்கள்

ஊரில் சும்மா கிடக்கும் அரை ஏக்கரில் மீன் குட்டை வெட்டலாமா என்று எனக்கொரு ஆசை. வெட்டியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போன ஐப்பசியில் ராயப்பன்பட்டிக்குப் போனேன். தேனியில் விடியற்காலை 4.20 பஸ், உத்தமபாளையம் 32 கிலோமீட்டர், டிக்கெட் 30 ரூபாய். அங்கிருந்து ஆட்டோவுக்கு 200. மூன்று நாளாக வானம் மூடிக்கிடந்ததில் மலை இருக்கும் இடமே தெரியவில்லை.

"ஜெயராணி அக்கா குட்டைக்கா? கோயில் மணி அடிச்சா மீனெல்லாம் பூசைக்கு வாற மாதிரி வரும் சார்," என்றார் ஆட்டோக்காரர்.

ஜெயராணியே இதைப் போனில் சொல்லியிருந்தார். ஒரே சத்தம், ஒரே நேரம், ஒரே இடம் என்று தீனி போட்டால் மீன் பழகிவிடும் என்பது மீன்வள ஆராய்ச்சி நிலையப் பயிற்சியில் அவர் கற்றது. தனியாக மணி எதற்கு, காலை ஆறுக்கும் பகல் பன்னிரண்டுக்கும் அடிக்கிற மாதா கோயில் மணியே போதும் என்று விட்டுவிட்டார். குட்டையின் கிழக்கு மூலைதான் பந்தி.

5.45க்கு அந்த மூலையில் போய் நின்றேன். ஜெயராணி எதிர்க்கரைக் கிணற்றடியில் டீசல் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மணி இன்னும் அடிக்கவில்லை. ஆனால் குட்டை முழுக்க வாய்கள். உடம்பு தெரியவில்லை, வட்டமாகத் திறந்து மூடும் வாய்கள் மட்டும், சப் சப்பென்று ஒரு சின்னச் சத்தத்தோடு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பசி போலிருக்கிறது என்று நினைத்து, என் அதிகப்பிரசங்கித்தனம், கரையிலிருந்த தீவன மூட்டையில் ஒரு கை அள்ளி வீசினேன். உருண்டைகள் வாய்களில் பட்டு வழுக்கி மிதந்தன. ஒரு மீன்கூடத் தின்னவில்லை.

ஜெயராணி ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார். "போடாதீகண்ணே. அது பசியில்ல, மூச்சுக்குத் தவிக்குதுக. வெயில் இல்லாம தண்ணில காத்து கொறஞ்சுபோச்சு. தண்ணிக்குக் காத்து ஏத்துற ஏரேட்டரும் விடியறதுக்குள்ள நின்னுபோச்சு. சனிக்கிழம பிடிக்கணும்னு இருந்தேன். இது போச்சுன்னா குட்டையவே மூட வேண்டியதுதான்."

திரும்ப ஓடி இன்ஜினைக் கிளப்பினார். மேற்கு மூலையில் கிணற்றுத் தண்ணீர் பீய்ச்சி விழ, வாய்கள் மெல்ல அங்கே நகர்ந்தன. அப்பாடா என்றிருந்தது. அப்போது மணி அடித்தது.

வாய்கள் அப்படியே நின்றன. பிறகு அத்தனையும் திரும்பி, தண்ணீர் விழும் இடத்தை விட்டு, நான் நின்ற மூலைக்கு வரத் தொடங்கின. நடுவழியில் சில மல்லாந்தன. மற்றவை அவற்றைத் தாண்டி வந்தன.

"அங்கன போகாதீக, இங்கனயே நில்லுங்க," என்று மீன்களிடம் கெஞ்சிய அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. மீன் வராது, தண்ணீர்தான் போக வேண்டும் என்று சட்டென்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ஓஸ் பைப்பை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார், நானும் பிடித்தேன். பத்து நிமிடம் ஆனது. பாதிக்கு மேல் பிழைத்தன.

"நான் பழக்குனது. நம்பி வந்துருச்சுக," என்றார்.

குட்டை வெட்டுகிறவர்களுக்கு: ஏரேட்டரைத் தீனி போடும் மூலையிலேயே வையுங்கள். பார்க்கப் போகிறவர்களுக்கு: மேகமூட்டமான காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் தீவனத்தைத் தொடாதீர்கள். உத்தமபாளையம் திரும்ப 11.40க்கு பஸ், 12 ரூபாய். நான் அதை விட்டுவிட்டேன்.

பன்னிரண்டுக்கு மணி அடித்தது. பிழைத்தவை எல்லாம் மூலைக்கு வந்தன. மூச்சுத் திணறிய மீனுக்கு அன்று முழுக்கத் தீனி கூடாது. ஜெயராணி குனிந்து, வெறுங்கை இரண்டையும் தண்ணீர் மேல் விரித்துக் காட்டினார். அவை போகவில்லை.