வெள்ளையாகத் தெரிந்த தெரு

வானம் இருட்டினால் போதும், தையல்காரியான என் அத்தை மிஷினைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிடுவார். போன வெள்ளத்தில் எங்கள் தெருவுக்கு மட்டும் படகு வரவில்லை. காரணம் கேட்டு இருவரும் நிவாரண அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி செயற்கைக்கோள் எடுத்த ரேடார் படத்தைக் காட்டினார்.

“தண்ணி கறுப்பா தெரியும்மா. உங்க தெரு வெள்ளையா இருக்கு. அங்க வெள்ளமே இல்ல.”

“அப்ப ரெண்டு நாளா மொட்டைமாடில நான் துணியா காயப்போட்டேன்?” என்றார் அத்தை.

நான் கல்லூரியில் படித்ததே இதைத்தான். ரேடார் அலை மேகத்தைத் தாண்டி வரும். வெட்டவெளித் தண்ணீரில் பட்டால் மறுபக்கம் தெறித்துப் போய்விடும், அதனால் கறுப்பு. தண்ணீர் வீடுகளுக்கு நடுவே நின்றால், தெறிக்கும் அலை சுவரில் மோதி வந்த வழியே திரும்பும், அதனால் வெள்ளை. சொன்னேன்.

“எங்க வீட்டுல முதல்ல படிச்சவன் சார், எழுதிக்குங்க” என்றார் அத்தை.

“பாக்கலாம்மா.”

அவர் பேனாவைத் தொடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பேனாவை அசைக்க முடியாத படிப்பு எதற்கு?

அடுத்த வெள்ளத்திலும் தெரு வெள்ளையாகவே தெரிந்தது. படகு வரவில்லை, அத்தை பிழைக்கவில்லை. முதல் வெள்ளத்தில் தன்னைத் தோளில் சுமந்து கரைசேர்த்த பால்காரருக்கு ஒரு சட்டை தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். கட்டில்மேல் இருக்கும் மிஷினில் அந்தச் சட்டை ஒரு கை மட்டும் தைக்காமல் கிடக்கிறது.