பூஜ்யத்துக்குப் பதில் ஒரு கோடு

மாலை நான்கு மணிக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. அச்சகத்து இயந்திரச் சத்தத்தில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வெளியே வந்து மறுபடி கேட்டேன். அக்கா போய்விட்டாள்.

அவள் வேலை மழைக்கணக்கு. உலகத்தைச் சுற்றும் செயற்கைக்கோள்கள் மேகங்களைப் பார்த்து, எங்கே எவ்வளவு மழை என்று மதிப்பிட்டு அனுப்பும். திரையில் பூமி முழுவதும் சின்னச் சின்னச் சதுரங்கள். சதுரத்துக்கு ஓர் எண். எங்கள் ஆற்றுப் பகுதிச் சதுரங்களைத் தரையிலுள்ள மழைமானிகளோடு ஒப்பிட்டு, வரைபடத்தை அணை அலுவலகத்துக்கு அனுப்புவது அக்கா.

உயர்ந்து திரண்ட மேகத்தைச் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும். மலைச்சரிவை ஒட்டித் தாழ்வாக நிற்கும் மேகம் பெய்தால் பல சமயம் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். அப்போதும் சதுரத்தில் பூஜ்யம் என்றுதான் வரும். போன மழைக்காலத்தில் ஒரு நாள் முழுக்க அப்படி வந்தது. மலையிலுள்ள மழைமானியின் கணக்கு மறுநாள்தான் கைக்கு வரும். அதை நம்பி அணைக் கதவுகளை மூடியே வைத்திருந்தார்கள். நீர் ஏறியதைப் பார்த்தபோது நேரம் கடந்திருந்தது, ஒரேயடியாகத் திறந்தார்கள். ஆற்றோரத் தெருவில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் பிழைக்கவில்லை.

யாரும் அக்காவைக் குறை சொல்லவில்லை. அவள்தான் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்து சொன்னாள்: "பூஜ்யம்னா இல்லைன்னு அர்த்தம்டா. தெரியலைங்கிறதுக்கு வேற குறி வேணாமா?"

அதன்பின் அவள் பிடித்தது ஒரே பிடி. செயற்கைக்கோள் அடிக்கடி கோட்டைவிடும் சதுரங்களில் பூஜ்யம் வந்தால், அங்கே ஒரு கோடு மட்டும் தெரிய வேண்டும். கோட்டைக் கண்டால் அணைக்காரர்கள் மலையிலிருக்கும் மழைமானிக்காரரிடம் கேட்க வேண்டும். அலுவலகத்தில் அவளுக்குக் 'கோட்டக்கா' என்றே பேர் விழுந்தது.

துக்கம் கேட்க வந்த அணைப் பொறியாளர் கடைசிக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னார். "கோடு போட்டா நான் எதை வெச்சும்மா முடிவெடுக்கிறதுன்னு கேட்டேன். போன் போடுங்க சார், மேல ஒரு மனுஷன் இருக்காருன்னாங்க. அவர் எடுக்கலைன்னான்னு கேட்டேன். அப்ப ரெண்டு கையிலயும் குடையப் பிடிச்சிட்டு நிக்கிறாருன்னு அர்த்தம், கதவைத் திறந்துடுங்கன்னாங்க." சிரித்துக்கொண்டே சம்மதித்தாராம்.

ஆனால் எந்தச் சதுரத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பழைய மழையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். நோயில் விழுந்த பிறகும் அதை மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி செய்தாள்.

"விடுக்கா, வேற யாராவது பாத்துக்குவாங்க."

"யாரு, நீயா? உனக்குச் செருப்பை எங்க விட்டோம்னே தெரியாது."

அவள் பார்த்து முடித்த மேற்குச் சரிவுக்கு இப்போது கோடுகள் வருகின்றன. கோடு வந்தால் அணையிலிருந்து மலைக்குப் போன் போகிறதாம். ஆற்றின் இன்னொரு கிளை இறங்கும் தெற்குச் சரிவை அவள் தொடங்கவில்லை. அங்கே இன்னும் பூஜ்யம்தான்.