வா கண்ணு

மங்கோலியப் புல்வெளியில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். காட்டில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் அழிந்துபோன குதிரை இனத்தை வேலிக்குள் பெருக்கி, அதன் சொந்த மண்ணில் திரும்ப விடும் மையம் அது. பெயருக்குக் கால்நடை மருத்துவன். பாதி நாள் லத்தி அள்ளுவதிலேயே போகும்.

அங்கே ஒரு விதியில் ரொம்பக் கறாராக இருந்தார்கள். குதிரைகளிடம் பேசக் கூடாது. மனிதக் குரல் பழகிவிட்டால், நாளைக்கு வேட்டைக்காரன் முன்னாலும் போய் நிற்கும். நானும் பெரிய யோக்கியன் போலத் தலையாட்டினேன். ஆனால் தமிழில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாத ஊரில் எத்தனை நாள்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது? தாயை இழந்த ஒரு பெண்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கும்போது, யாரும் பக்கத்தில் இல்லையென்று பார்த்து, "வா கண்ணு, வா வா" என்றேன். அப்புறம் வீட்டுக் கவலை, குளிர், சப்பென்ற சாப்பாடு எல்லாவற்றையும் அதனிடம்தான் புலம்பினேன்.

ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பி, இப்போது வேங்கிக்காலில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். போன மாதம் மையத்திலிருந்து பேசினார்கள். வேலிக் கதவைத் திறந்ததும் மற்ற குதிரைகள் ஓடிவிட்டன. அந்தக் குட்டி மட்டும், வளர்ந்த பிறகும், ஆளைத் தேடி வேலியோரமே நின்றதாம். இப்படியே இருந்தால் ஆயுசுக்கும் வேலிக்குள்தான். என் பேச்சுக்கு ஆசைப்பட்டு அதன் காட்டைப் பறித்துவிட்டேன்.

அதனிடம் பேசியதை ஒத்துக்கொண்டேன். அவர்கள் திட்டவில்லை. நான் கூப்பிடும் குரலைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார்கள். அதைப் போட்டுக் காட்டி, கூடவே தகரத்தைத் தட்டி மிரட்டுவார்களாம்.

பதிவு செய்த அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்கு வரும் பஸ்களின் ஹாரன் கொஞ்சம் ஓயட்டும் என்று காத்திருந்து ஜன்னலைச் சாத்தினேன். முதல் மூன்று தடவையும் கலெக்டரிடம் மனு கொடுப்பவன் குரல்தான் வந்தது. நான்காவது தடவை சரியாக வந்தது.

கீழே இருந்து வீட்டுக்கார அக்கா கேட்டார். "யாராச்சும் வந்திருக்காங்களா தம்பி? காபி ஜாஸ்தியா போடட்டா?"

"யாரும் இல்லீங்கக்கா."

நேற்று வீடியோ வந்தது. முதல் நாள், என் குரலைக் கேட்டுக் காதை நிமிர்த்தி ஓடி வருகிறது. தகரச் சத்தத்தில் மிரண்டு நிற்கிறது. நாலாம் நாள் தகரமே தட்டவில்லை. நான் "வா கண்ணு" என்றதுமே திரும்பி, திறந்திருந்த கதவு வழியாக ஓடியது. அது அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததே இல்லை.