மூடாமல் வைத்த மஃப்ளர்

முதலில் சேலையில்தான் தெரிந்தது. தறியில் உட்கார்ந்து இருமினேன். சேலையின் அரக்கு நிற உடலில் விழுந்த ரத்தம் கண்ணில் படவில்லை. மஞ்சள் கரையில் விழுந்தது பட்டது. என் மனைவி சரசு அதை ஈரத்துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, "கெளம்புங்க" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எக்ஸ்ரேயில் இடது நுரையீரலில் நிழல். காசநோய். ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசிமருந்து) தொடங்கினார்கள். "ஊசி, மாத்திரை எதையும் விடக்கூடாது. தறிப்பக்கமே போகாதப்பா. அடுத்த எக்ஸ்ரே பாத்துட்டு அதப் பத்திப் பேசலாம்" என்றார் டாக்டர். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். மறுபடி உட்கார முடியுமா என்பதைத் தவிர வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை.

இதே ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு: காது இரைந்தால், தலை சுற்றினால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சும்மா கிடப்பதற்கு மட்டும் அவரிடம் மருந்து கிடையாது.

பாதியில் நின்ற சேலையைச் சரசு எப்படியோ முடித்து அறுத்துக் கொடுத்தாள். எங்கள் ஊரில் சேலையை அறுத்தாலும் பாவின், அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகளின், நுனியைத் தறியிலேயே விட்டுவைப்போம். அடுத்த சேலைக்குப் புதுப் பாவின் இழைகளை அதனோடு முறுக்கிப் பிணைக்க வேண்டும். நுனியையும் கழித்துவிட்டால் அந்தத் தறி ஓய்ந்தது என்று அர்த்தம். நான் தறி இருக்கும் அறைக்குள் போவதையே விட்டுவிட்டேன்.

சரசு கல்யாணத்துக்கு முன் தையல் வகுப்பில் உல்லன் பின்னக் கற்றவள். அவள் பெட்டியில் மிச்ச உருண்டைகள் பல நிறத்தில் கிடந்தன. "மோட்டுவளையப் பாத்துக்கினு படுத்திருந்தா நோவு போயிடுமா? பனிக்காலம் வருது. ஒரு மஃப்ளர் பின்னுங்க" என்று இரண்டு பின்னல் ஊசிகளைக் கையில் திணித்தாள்.

பின்னினேன். பச்சை தீர்ந்தால் ஊதா, ஊதா தீர்ந்தால் காவி. கண்ணராவியான சேர்க்கை. உருண்டைகள் தீர்ந்ததும், தறிப் பழக்கத்தில், நுனியைத் திறந்தபடியே விட்டு ஊசியை உருவினேன். தூக்கிப் பார்த்ததும் கண்ணி கண்ணியாக அவிழ்ந்தது.

சரசு விழுந்து விழுந்து சிரித்தாள். "இது பட்டுப் பாவா, வுட்டுவைக்க? கடைசி வரிசைய மூடித்தான் ஆவணும்."

அவிழ்ந்ததைத் திரும்பப் பின்னினேன். மூட மட்டும் கை வரவில்லை. மூடினால் எல்லாம் முடிந்துவிடும்போலப் பயம். கண்ணிகளை ஒரு நூலில் கோத்து அப்படியே வைத்தேன்.

அடுத்த எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்தார். "ஆறிட்டு வருது. இது தழும்பு, போவாது. காலையில மட்டும் தறியில உக்காரு. மூச்சு வாங்கினா எழுந்துடணும். மாத்திரைய நிறுத்தாதே."

வீட்டுக்கு வந்து தறி அறைக்குள் போனேன். பழைய நுனிகள் இருந்தன. தூசு படியாமல் சரசு துணி போட்டு மூடியிருந்தாள்.

"கழிச்சிருப்பேன்னு நெனச்சீங்களா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று மாலை மஃப்ளரின் கடைசி வரிசையை மூடினேன்.

புதுப் பாவு பிணைத்தாயிற்று. இப்போது காலையில் மட்டும் நெய்கிறேன். முன்பெல்லாம் சேலை எவ்வளவு வளர்ந்தது என்று பார்த்துத்தான் எழுந்திருப்பேன். இப்போது மார்பில் இடதுபக்கம் இழுத்துப் பிடித்தால் பாதி இழையில் எழுந்துவிடுகிறேன். நுனி தறியில்தான் இருக்கிறது, நாளைக்கும் உட்காரலாம்.