சூடம் அணைக்கிறேன், ஊசி வேண்டாம்

லீட்ஸ் நகரத்து மருந்துக் கடையில் பற்பசைக்கும் இருமல் மருந்துக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டி. குழந்தைக்கு அப்பா யார் என்று கண்டுபிடிக்கும் டி.என்.ஏ. கிட். அதைக் கையில் எடுத்தபடி நின்றுவிட்டேன். கடைக்காரப் பெண் குரலைத் தாழ்த்தி, "கவலைப்படாதே லவ், யாருக்கும் தெரியாது" என்றாள். இந்த ஊரில் முன்பின் தெரியாதவர்களையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கில்லை, தங்கைக்கு வேண்டியிருந்தது என்றேன். அவள் நம்பவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. இந்தப் பெட்டி சொல்லும் பதிலுக்காகத்தான் தங்கை கலா கைக்குழந்தையோடு திருவள்ளூர் கோர்ட்டுக்கு நாயாய் அலைந்தாள்.

கலா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்தவள். கூட வேலை பார்த்த பிரகாஷ், கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி அவளோடு வாடகை அறையில் குடும்பம் நடத்தினான். குழந்தை பிறந்ததும் தன்னுடையதே இல்லை என்றுவிட்டான். குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டோம். டி.என்.ஏ. சோதனைக்கு நீதிமன்றம் உத்தரவிட்டதும் அவன் ரத்தம் தர மறுத்தான். அதற்குப் பதில் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வதாக ஆள் அனுப்பினான். எங்கள் பக்கத்தில் எரியும் சூடத்தைக் கையால் அணைத்து ஒருவன் சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. நான் விசாவுக்காகக் காத்திருந்த சமயம் அது.

அப்பா, எங்களுக்கு நைனா, தளர்ந்துவிட்டார். "சூடம் அணைக்கிறேன்றான். அதுக்கு மேல இன்னாமா கேக்கறது? கேஸை வாபஸ் வாங்கிடலாம்."

கலா பாப்பாவைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "சாமிக்கே பயப்படாதவன் ஊசிக்கு இன்னாத்துக்கு நைனா பயப்படுறான்?"

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். வக்கீலம்மாவும் சட்டத்தில் கிட்டத்தட்ட அதேதான் இருப்பதாகச் சொன்னார். "புடிச்சி வெச்சி ரத்தம் எடுக்க முடியாதும்மா. ஆனா காரணமில்லாம மாட்டேன்னா, சோதனை பண்ணா தனக்கு எதிராத்தான் வரும்னு அவனுக்கே தெரியுதுன்னு ஜட்ஜ் எடுத்துக்கலாம். கூடவே நம்ம பக்கம் சாட்சியும் வேணும்." மறுத்தால் தப்பித்துவிடலாம் என்று அவன் நினைத்திருந்தான். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அறையை வாடகைக்கு விட்ட அம்மா கூண்டேறி, இருவரும் புருஷன் பெண்டாட்டியாகத்தான் இருந்தார்கள் என்று சொன்னார். அந்த அம்மாவை நினைத்தால் இன்றும் கண் கலங்குகிறது.

போன வாரம் தீர்ப்பு வந்தது. அவன்தான் அப்பா, மாதாமாதம் ஜீவனாம்சம் தர வேண்டும். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மார்கரெட் என்ற கிழவிக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது வீடியோவில் கலா சொன்னாள். சொல்லும்போது அழவில்லை, "பாப்பாவ ஸ்கூல்ல சேர்க்கணும்க்கா" என்றாள். பின்னாலிருந்து அம்மா சூடத்தட்டோடு வந்தாள். திருப்பாச்சூர் கோயில் இருக்கும் திசைக்குக் காட்டிவிட்டு, தட்டைப் போனுக்கு நேரே நீட்டினாள். நான் போனை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் திரைமேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மார்கரெட் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் குளிர்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். நடுங்கும் தன் கைகளையும் என் கைகளுக்குப் பக்கத்தில் போன்மேல் நீட்டினாள்.

"சூடு வருதா லவ்?"

வருகிறது என்றேன்.