தட்டினாரா, தொட்டாரா?

போன நோன்புப் பெருநாளுக்கு அடுத்த நாள் பின்னேரம், கல்முனையில் நான் பயிற்சிக்குப் போகும் ஜிம்மில் நடந்தது இது. லீவு நாள். உள்ளே நானும், என் மனைவி 'காக்கா' என்று கூப்பிடும் அவள் அண்ணனும் மட்டும்தான்.

மச்சானுக்குச் சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலையில் வேலை. எங்கள் பக்கத்துப் பழைய சண்டைக் கலையான சீனடியைச் சின்ன வயதிலேயே பழகியவர். கல்யாண வீட்டில் அவர் அதை ஆடிக்காட்ட இறங்கினால் சனம் கூடிவிடும். நான் நாலு வருடமாக எம்எம்ஏ பழகுகிறேன். குத்து, உதை, மல்யுத்தம், கழுத்துப் பிடி எல்லாம் கலந்தது அது. பெருநாள் சாப்பாட்டில் கதை முற்றி, "ஒங்கட அடியெல்லாம் பாக்க வடிவு மச்சான், உண்மையான சண்டைக்கு நிக்காது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். "அப்ப வாங்களன், பாப்பம்."

தொடங்குமுன், "ஏலாட்டி ரெண்டு தட்டுத் தட்டுங்க, விட்டுருவன்" என்றேன்.

"ஓம்" என்றார்.

முதல் ஒரு நிமிடம் அவரைத் தொடவே முடியவில்லை. குனிந்து, சாய்ந்து, புறங்கையால் என் காதடியில் இரண்டு அறை விட்டார். காது கூவியது. ரோசத்தில் காலைப் பிடித்து விழுத்தினேன். நிலத்தில் கிடந்து சண்டை பிடிக்க அவருக்குத் தெரியவில்லை. முதுகில் ஏறி, கழுத்தைச் சுற்றிக் கை போட்டு இறுக்கினேன்.

அவருடைய பெருவிரல் என் முழங்கையின் உள்பக்கம் பட்டது. பிறகு இன்னொரு தரம். பிடியைக் கழற்ற இடம் தேடுகிறார் என்று நினைத்து நான் விடவில்லை. அடுத்த கணம் அவர் உடம்பு பாரமாகிச் சரிந்தது.

"மச்சான்! மச்சான்!" என்று கத்தியபடி காலைத் தூக்கிப் பிடித்தேன். யா அல்லாஹ், வீட்டில் போய் என்ன சொல்வேன்? சில நொடிகள்தான் போயிருக்கும். கண்ணைத் திறந்து, "சுபஹுக்குப் பாங்கு செல்லிட்டாங்களா?" என்று, அந்தப் பின்னேரத்தில் விடியற்காலைத் தொழுகை அழைப்பைக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றுவிட்டார்.

நன்றாகத் தெளிந்த பிறகு, "தட்டினீங்களா மச்சான்?" என்று கேட்டேன்.

"தட்டல்ல. அந்த எடத்துல வர்மம் இரிக்கி. அழுத்தினா ஒங்கட கை வெளங்காமப் போயிரும். தங்கச்சிட முகம் மனசில வந்திச்சி, விட்டுட்டன்."

நம்புவதா? தோற்றதை மறைக்கிறாரா? இல்லை, நான் குற்றவுணர்வில் கிடந்து தவிக்கக் கூடாதென்று சொல்கிறாரா? மறுநாள் பார்த்தால் அதே இடத்தில் பெருவிரல் அளவுக்கு நீலம். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க இரண்டு விரல்கள் விறைத்தன. ஆனால் நான் இறுக்கிய இறுக்கில் என் நரம்பே பிசகியிருக்கவும் கூடுமே.

மனைவியிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "காக்கா தட்டினாரோ, வர்மத்தத் தொட்டாரோ, ரெண்டு தரம் கை பட்டது ஒங்களுக்கு வெளங்கினதான? ஏன் விடல்ல?"

எது பெரிய கலை என்ற வாதத்தில் இப்போது நான் வாய் திறப்பதில்லை. அன்று என் கையை விடாமல் இறுக வைத்தது நாலு வருடப் பயிற்சியா, என் ரோசமா என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை.