மல்லிகா நீட்டிய மருந்து

இன்று ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயன் வீட்டுக் காம்பிராவில் பகடைக் கதை விளையாட்டு. பேத்தி தர்ஷினி கதை சொல்வாள். நாங்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துப் பகடை உருட்டுவோம்.

விளையாட்டின் புதுப் பதிப்பில் எனக்குப் பிடித்த விதி ஒன்று. முன்பெல்லாம் விழுந்தவருக்கு மருந்து கொடுத்தால், அந்த முறை வாள் வீச முடியாது. அதனால் யாரும் கொடுக்க மாட்டார்கள். இப்போது இரண்டும் செய்யலாம்.

என் வேடம், நான் ஆசையாக வளர்த்த வில்லுக்காரி, பூதத்திடம் அடிபட்டு விழுந்தாள். மருந்து பக்கத்துக் காம்பிரா மல்லிகாவிடம் மட்டும்தான் இருந்தது. அவளைப் பேத்திதான் முதல் நாளே ஆட்டத்தில் சேர்த்திருந்தாள்.

"இந்தாங்க மதினி, குடிங்க."

"வேணாம். எங்க வீட்டுக்காரர் செத்தன்னைக்கு எட்டிக்கூடப் பாக்காதவ நீ. ஒங்கையால பச்சத்தண்ணியும் எறங்காது."

"அம்மாயி, மயக்கத்துல கெடக்குற ஆளு பேசக் கூடாது!" என்றாள் தர்ஷினி.

"மயக்கத்துலயும் எனக்கு மறக்காதுடி."

"குடிக்காட்டி செத்துருவீங்க, அம்மாயி. திரும்பி வர ஏலாது."

"சாகட்டும்."

மல்லிகா எழுந்தாள். "இத நெஞ்சுல வச்சுக்கிட்டா இம்புட்டு நாளும் வெளாடுனீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வில்லுக்காரி செத்துப்போனாள். எனக்குத் தேத்தண்ணிகூட இறங்கவில்லை.

விதியை மாற்றியவர்கள், யார் கையால் வாங்கிக் குடிப்பது என்று எழுதாமல் விட்டார்கள். நீங்கள் குடித்திருப்பீர்களா?